வெள்ளிக்கிழமை நகம்

கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடிக்கிற வேலை. அதில் போய் ஒரு மனுஷிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளுமா என்று கேட்டால், வடிவுக்கு அடித்துக்கொண்டது. சங்கரவடிவு என்று முழுப்பெயர். அப்படி நீட்டிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை. கையில் இருந்தது புருஷனின் அக்கா ஆவுடை மதினியின் பச்சைச் சுங்குடிச் சேலை. இரண்டாக மடித்து நாலாக மடிக்கப் போன இடத்தில் விரலில் என்னவோ நெருடியது. முள்ளோ என்று பார்த்தாள். முள் இல்லை, இழை. இழுபட்டுச் சுருண்டு சின்னச் சின்ன வளையமாக நின்ற இழை. ஒன்றே ஒன்று கிடந்தால் கொடிக்கம்பி இழுத்திருக்கும் என்று விட்டுவிடலாம். இது கொத்தாக இருந்தது, அதுவும் எங்கே, சரியாக மடி வருகிற இடத்தில். மடியில் ஏறி, ஒரு வட்டம் சுற்றி, முன்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்து மாவு பிசைகிற மாதிரி பிசைந்து, அப்புறம்தான் சுருண்டு படுக்கிற ஒரு ஜீவனுடைய நகம் இழுத்த இழை. இந்த வேலைப்பாடு வடிவுக்குத் தெரியாதா? அவளிடம் இருக்கிற நைட்டி, சேலை எல்லாவற்றிலும் இதே இடத்தில் இதே கொத்து உண்டு. மகள் உமையாள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டிலேயே உண்டு. பட்டு போச்சே என்று புருஷன் குற்றாலிங்கம் தலையில் கை வைத்தபோது, போனால் போகட்டும் என்று சிரித்தவள் அவள். சிரிக்காமல் என்ன, அந்த வீட்டில் வேறு யார் துணியிலும் இல்லாத அடையாளம் அல்லவா அது. அந்த அடையாளம் இப்போது இன்னொருத்தி சேலையில். எப்போதிருந்து? எந்த நேரத்தில்? அவள் குளிக்கப் போகிறபோதா, சாயங்காலம் கோயிலுக்குப் போகிறபோதா? புருஷன் சட்டையில் அடுத்தவள் தலைமுடியைக் கண்டெடுத்தவள்கூட இப்படி நின்றிருக்க மாட்டாள். சீ, ஒரு பூனைக்குப் போய் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். அதட்டிய பிறகும் சேலையை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு மொட்டைமாடி வெயிலில் நின்றாள்.

பூனை என்றால் சாதாரணப் பூனை இல்லை, பொரி. சட்டியில் போட்ட பொரி துள்ளுகிற மாதிரி எதற்கெடுத்தாலும் துள்ளும், அதனால் அந்தப் பெயர். குக்கர் விசில் அடித்தால் துள்ளும், காலிங்பெல் அடித்தால் துள்ளும், பெருமாள்புரம் தெருவில் காய்கறி வண்டிக்காரன் மைக் போட்டால் பீரோவுக்குப் பின்னால் போய் அரை நாள் கிடக்கும். யாரோ ஒருத்தன் கார் பானட்டுக்குள்ளே சிக்கிக் கிடந்த குட்டி, கருகின மீசையோடு கத்திக்கொண்டிருந்ததை வடிவுதான் எடுத்துவந்தாள். எடுத்த அன்றைக்கு அவள் மணிக்கட்டில் போட்ட பல் இன்னும் தழும்பாக இருக்கிறது. அப்புறம் அவளைத் தவிர வேறு யாரிடமும் போகவில்லை. போகவே இல்லை. குற்றாலிங்கம் கூடத்துக்குள் காலை வைத்தால் இது கட்டிலுக்கு அடியில். மகள் பூனாவிலிருந்து வந்தால் பரண் மேல். வந்த விருந்தாளி யாராவது ‘அய்ய, பூனை!’ என்று குனிந்தால் போதும், வடிவு சமையலறையிலிருந்தே சத்தம் போடுவாள்: “கிட்டப் போகாதீங்க, அது பயந்த பூனை, பிடுங்கிரும்!” சொல்லும்போது வாயெல்லாம் பல். பிடுங்கிவிடும், ஆனால் என்னைப் பிடுங்காது. ஓடிவிடும், ஆனால் என்னிடம்தான் ஓடிவரும். இதைவிட ஒரு பெருமை வேண்டுமா? மகள் புருஷன் வீடு போயாச்சு. புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடையே கதி என்று கிடக்கிறார். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை, இதையெல்லாம் செய்து போடுகிற ஆள் இவள்தான் என்று நினைக்கக்கூட யாருக்கும் நேரம் இல்லை. அந்த வீட்டில் அவள் எங்கே என்று தேடுகிற உயிர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவள் குளியலறைக்குள் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுகிற உயிர். அதையும் ஒருத்தி கொண்டு போனால்?

கொண்டு போகிறவள் வேறு எதை விட்டுவைத்தாள் என்று யோசித்தால் அது ஒரு தனிக்கதை. அம்பாசமுத்திரத்தில் மதினியின் புருஷன், அத்தான், தவறிப்போன பிறகு, பிள்ளை இல்லாத மனுஷி தனியாக எதற்குக் கிடக்க வேண்டும் என்று குற்றாலிங்கம் போய் அக்காவைக் கூட்டிவந்தார். வடிவுதான் வாசலில் நின்று ‘வாங்க மதினி’ என்றாள். மனசாரத்தான் சொன்னாள், அதில் பொய் இல்லை. முதல் வாரம் மதினி மூலையில் உட்கார்ந்து அழுதாள். வடிவு காபி கொண்டு கொடுத்தாள். அடுத்த வாரம் மதினி வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். அதற்கடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ‘சும்மா இருக்க ஒரு மாதிரி இருக்கு வடிவு, இன்னைக்குச் சொதி நான் வைக்கட்டா?’ என்று கேட்டாள். வைத்தாள். குற்றாலிங்கம் இலையை வழித்தார். வழித்தது மட்டுமா, கண்ணை மூடிக்கொண்டு, ‘அம்மை வச்ச மாரியே இருக்குக்கா’ என்றார். இத்தனை வருஷம் வடிவு வைத்த சொதியைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டாரே தவிர யார் வைத்த மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னது உண்டா? அன்றையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மதினிக்கு. அப்புறம் செவ்வாய்க்கிழமையும். உமையாள் போன் பண்ணினால், ‘அம்மா, சாப்டியா? அத்தைட்ட குடு’ என்கிறாள். அத்தையிடம் அரை மணி நேரம். என்னதான் பேசுவார்களோ, அந்தப் பக்கம் சிரிப்பு, இந்தப் பக்கம் சிரிப்பு. வடிவு தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் ஜன்னல் பக்கம் நின்று கேட்டால் அவியலுக்குச் சேனை எத்தனை துண்டு என்றுதான் பேசிக்கொண்டிருப்பார்கள். இதை என்னிடம் கேட்டால் சொல்ல மாட்டேனா? போகட்டும், எல்லாம் போகட்டும், மனுஷ ஜென்மங்கள் அப்படித்தான். புதிதாக வந்ததைக் கண்டால் பல்லை இளிக்கும். பொரி அப்படி இல்லை என்று நினைத்திருந்தாள்.

சேலையோடு கீழே இறங்கி வரும்போதே முடிவு பண்ணிவிட்டாள். இன்றைக்கே நகத்தை வெட்டிவிட வேண்டியது. வெட்டிவிட்டால்? வெட்டிவிட்டால் என்ன, மடியில் ஏறாதா? ஏறும். ஆனால் இழை இழுக்காது. இழுக்காவிட்டால் ஏறியது தெரியாதே, அது இன்னும் மோசம் இல்லையா? அந்த யோசனை ஒரு படியில் வந்தது, அடுத்த படியில் போய்விட்டது. கையில் ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். இன்று வெள்ளிக்கிழமை என்பதும் நல்லதாகப் போயிற்று. மதினிக்கு வெள்ளி செவ்வாயில் நகம் வெட்டுவது ஆகாது. தான் வெட்டாதது மட்டும் இல்லை, வெட்டுகிறவர்கள் இருக்கிற இடத்தில் நிற்கக்கூட மாட்டாள். நகத்தோடு லட்சுமியும் வெளியே போய்விடுவாளாம். போன மாதம் குற்றாலிங்கம் வெள்ளிக்கிழமை என்று தெரியாமல் நகவெட்டியை எடுத்ததற்கு எழுந்து பூஜை அறைக்குப் போனவள் விளக்கேற்றி முடித்துத்தான் வெளியே வந்தாள். ஆக, வெட்டி முடிகிற வரை இந்த அறைப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டாள். மத்தியானம் சாப்பிட வருகிற புருஷன் எப்போதும் போலப் பிடித்துக்கொள்வார், வடிவு வெட்டுவாள், வெட்டி முடித்ததும் பொரி எப்போதும் போலத் தன் தோளில் ஏறி முகத்தைக் கழுத்துக்குள் புதைத்துக்கொள்ளும். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது அதை மதினி கதவுப் பக்கத்திலிருந்து ஒரு தடவை பார்த்தால் போதும். யாருடைய பூனை என்று தெரிந்துபோகும்.

குற்றாலிங்கம் வந்தார், சாப்பிட்டார், கையைத் துடைத்தபோது விஷயத்தைச் சொன்னாள். “இன்னைக்கேவா? பூனை நகம் ஒரு நாள்ல வாளாவா ஆயிரப் போவுது?” என்றார். “பிடிப்பியளா மாட்டியளா?” என்றாள். அந்தக் குரலுக்கு அவர் பழகியவர். ‘சரி, துண்டைக் கொண்டா’ என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார், ஈரிழைத் துண்டை மடியில் விரித்தார், அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து போன். யாருக்கோ கண்ணாடி உடைந்து போச்சாம், ஊருக்குப் போகிற ஆளாம், பஸ் இருக்காம். “அக்காவைப் பிடிக்கச் சொல்லேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா” என்று வடிவு சொன்னபோது வண்டி கிளம்பிவிட்டது. துண்டு தரையில் கிடந்தது. பொரி ஜன்னல் திண்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது, அதற்கு ஒன்றும் தெரியாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டிருக்கலாம். விட்டிருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மதினி ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றுவிட்டாள்.

“என்ன வடிவு, பொரிக்கு நகம் வெட்டணுங்கியா? தம்பி போய்ட்டானே. கொண்டா, நான் பிடிக்கேன்.” “வெள்ளிக்கிழமை மதினி” என்று வடிவு ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள், அக்கறையாகத்தான் சொன்னாள். மதினியின் நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது. “எனக்கு இனி வெள்ளி என்ன, செவ்வா என்ன. போறதெல்லாம் போயாச்சு. வாயில்லாச் சீவன், கால்ல நகம் வளைஞ்சு குத்துனா அது யார்ட்ட போய்ச் சொல்லும்?” என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் எவளாவது வாயைத் திறக்க முடியுமா? இதுதான் வடிவுக்கு ஆற்றாமை. மதினி எதையும் பிடுங்குவதில்லை. கேட்பதுகூட இல்லை. வந்து உட்காருகிறாள், தன் துக்கத்தை ஒரு வார்த்தையில் பக்கத்தில் வைக்கிறாள், எல்லோரும் எழுந்து வழிவிட வேண்டியிருக்கிறது. தாலி அறுத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாயே, நீ பொம்பளையா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. ஆமாம், பொறாமைதான், அதற்கு என்ன இப்போது என்று இன்னொரு குரல் கேட்டது. இரண்டும் அவள் குரல்தான். மதினி தொடையைத் தட்டினாள். “பொரி, வாட்டி இங்ஙன” என்றாள், சத்தமே இல்லாமல், யாருக்கோ ரகசியம் சொல்கிற மாதிரி. ஜன்னல் திண்டிலிருந்து பொரி இறங்கியது. துள்ளவில்லை. உடம்பை நீட்டிச் சோம்பல் முறித்து, வாலை நட்டுக்கொண்டு, வடிவின் காலைத் தாண்டி நடந்து போய் அந்த மடியில் ஏறி ஒரு வட்டம் சுற்றிப் படுத்தது.

காலைத் தாண்டி. முழங்காலில் அதன் வால் பட்டது. அந்த இடம் இன்னும் கூசுகிறது. துண்டு வேண்டாமா என்று கேட்டாள் வடிவு, தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. “துண்டு எதுக்கு, மூச்சு முட்டும்” என்றாள் மதினி. முன்னங்காலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் மெத்தென்ற இடத்தை அமுக்கினாள். நகம் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தது. எங்கே கற்றாள் இதை? குற்றாலிங்கம் பிடிக்கிறபோது துண்டுக்குள்ளே ஒரு யுத்தம் நடக்கும். ஒருத்தர் கையில் ரத்தம் வராமல் ஒரு காலை முடித்தது கிடையாது. இரண்டு கால் ஒரு நாள், மீதி இரண்டு கால் அடுத்த வாரம் என்று தவணை வைத்து வெட்டுகிற வழக்கம். இங்கே என்னடா என்றால் தொண்டைக்குள் குறுகுறுவென்று சத்தம் வேறு. வடிவு நகவெட்டியை எடுத்தாள். வெளிச்சத்துக்கு நேரே காலைத் திருப்பினால் நகத்துக்குள் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும், ரத்தம் ஓடுகிற இடம். அதற்கு முன்னாலேயே வெட்டிவிட வேண்டும். கோட்டைத் தொட்டால் உயிர் போகிற வலி. முதல் நகம். டிக். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது. டிக். பொரி கண்ணைத் திறந்து மதினியைப் பார்த்தது, மூடிக்கொண்டது. வெட்டுகிற தன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பாரேன் என்று வடிவுக்கு வாய் வரை வந்தது. மதினியின் கையில் என்னவோ வாசம் அடித்தது. புளியும் சோப்பும் கலந்த வாசம், அதற்கு அடியில் வேறு என்னவோ. வடிவு குனிந்து மூக்கை விரித்தாள். நெத்திலிக் கருவாடு.

இது சைவ வீடு. பொரிக்காக வடிவு கருவாடு வாங்குவது அவளுக்கும் பூனைக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு டப்பா, அதன் மேல் ஒரு செங்கல். குற்றாலிங்கத்துக்குத் தெரிந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனாலும் அது ஒரு திருட்டுச் சந்தோஷம், யாருக்கும் தெரியாமல் இரண்டு பேர் மாடி ஏறிப் போய்த் தின்றுவிட்டு வருகிற மாதிரி. “மதினி, நீங்க கருவாடா...?” என்று பாதியில் நிறுத்தினாள். மதினிக்கு முகம் சிவந்தது. “அதை ஏன் கேக்கே. அன்னைக்கு மாடிக்கு வத்தல் காய வைக்கப் போனேன்லா, இது அந்தச் செங்கலையே சுத்திச் சுத்தி வந்து அழுதுது. திறந்து பாத்தா இது. மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் எடுத்துப் போட்டேன். மீன் கடை இருக்க தெருவுலகூட நடக்காதவ நான். என்ன செய்ய, பசிக்குதுன்னு ஒண்ணு வந்து நின்னா?” வடிவு சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் அல்லவா, சிரித்தாள். டிக். மூன்றாவது நகம். ஆக, டப்பாவும் போச்சு. அந்தத் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற ஒரு முழம் இடம்கூட இனி தன்னுடையது இல்லை. இவள் மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்தாளாம்! தான் செய்தால் திருட்டு, இவள் செய்தால் தியாகம். அப்படித்தான் குற்றாலிங்கம் சொல்லப் போகிறார், கண்ணை மூடிக்கொண்டு, எங்க அக்கா கருவாட்டைத் தொட்டாளா, பூனைக்காகவா என்று. உமையாள் பூனாவிலிருந்து ‘சோ ஸ்வீட் அத்தை’ என்று சிரிக்கப் போகிறாள். வடிவுக்குக் காதுக்குள் அந்தச் சிரிப்பு இப்போதே கேட்டது.

“இதைப் போய்ப் பயந்த பூனைங்கியே” என்றாள் மதினி, அடுத்த காலை எடுத்தபடி. “எங்கிட்ட நல்லாத்தான இருக்கு. இதுக்குப் பயமே இல்லை வடிவு. இதைச் சுத்தி சத்தம்தான் ஜாஸ்தி.” சும்மா சொன்னாள். நாலு வார்த்தை, வெயில் ஜாஸ்தி என்று சொல்கிற மாதிரி. வடிவின் கை நகவெட்டியோடு அப்படியே நின்றது. சத்தம். என்ன சத்தம்? யார் போட்ட சத்தம்? நினைக்க வேண்டாம் என்று நினைத்த மாத்திரத்தில் எவர்சில்வர் தட்டு ஒன்று மனசுக்குள் உருண்டது. எப்போதோ ஒரு மத்தியானம். குற்றாலிங்கம் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பொரி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒவ்வொரு அடியாக வைத்து வந்தது, அவர் பாதத்தை மோந்தது, அவர் அசையாமல் பேப்பருக்கு மேலே வடிவைப் பார்த்தார், சின்னப் பிள்ளை மாதிரி கண் மின்னியது, ‘பாரு பாரு’ என்று உதட்டை மட்டும் அசைத்தார். வடிவு கையில் இருந்த தட்டு தரையில் விழுந்தது. கை நழுவி விழுந்தது என்று அன்றைக்கும் சொன்னாள், இன்றைக்கும் கேட்டால் அதைத்தான் சொல்வாள். பொரி பறந்துபோய் அவள் காலைச் சுற்றிக்கொண்டு நடுங்கியது. எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ‘என் சோத்தைத் தின்னுட்டு என்னைக் கண்டா ஓடுது பாரு’ என்று குற்றாலிங்கம் சிரித்தார், அந்தச் சிரிப்பில் ஒரு ஏக்கம் இருந்தது. அது வடிவுக்குத் தெரிந்தது, தெரிந்தும் இனித்தது. ஊசி போடக் கொண்டுபோவது அவர் வேலை. கூடைக்குள் திணிப்பது அவர் வேலை. மாத்திரையை வாயைப் பிளந்து போடுவது உமையாள் வேலை. குளிப்பாட்டினால் வேலைக்காரி. துண்டில் சுற்றிப் பிடிப்பது எப்போதும் அவர்தான். நகம் வெட்டுவது தவிர மற்ற எதற்கும் வடிவு கதவுக்குப் பின்னால் நின்று, எல்லாம் முடிந்த பிறகு மடியோடு வருவாள், அப்புறம் மாடிக்குக் கருவாடு தின்னக் கூட்டிப்போவாள். பயமெல்லாம் மற்றவர்கள் கையில், ஆறுதல் மட்டும் தன் கையில். பயந்த பூனைக்குத்தானே ஒரே மடி போதும்?

அப்படியானால் தான்தான் இதைப் பயமுறுத்தி வைத்தவளா? இல்லை, இல்லவே இல்லை, கார் பானட்டில் கருகின குட்டி, அதன் ஜாதகமே அப்படி. இவள் யார் வந்து மூன்று மாசத்தில் பயமே இல்லை என்று சொல்ல? வடிவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் வந்ததும் நன்றாக இருந்தது, கொஞ்சம் முன்னால் வந்த அந்த வேறு என்னவோவைவிடக் கோபம் எவ்வளவோ மேல். முன்னங்கால் இரண்டும் முடிந்தன. பின்னங்காலைக் கொடுத்தாள் மதினி. பின்னங்கால் என்றால் பொரிக்கு உயிர் போகும். குற்றாலிங்கம் தொட்டாலே பல்லைக் காட்டும். இப்போதோ காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறது வெட்கம் இல்லாமல். ஆமாம், வெட்கம் இல்லைதான். இத்தனை வருஷம் என் கழுத்துக்குள் முகத்தை வைத்துத் தூங்கிவிட்டு இப்போது இன்னொருத்தி மடியில் வயிற்றைக் காட்டிக்கொண்டு. மதினி அதன் நெற்றியில் விரலால் மெதுவாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள், திருநீறு பூசுகிற மாதிரி. குனிந்த தலையில் நரை, நரைக்கு நடுவே மெல்லிய வகிடு. என்ன நிம்மதி அந்த முகத்தில். அத்தான் போன பிறகு இவள் இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. பார்க்கவும் பாவமாக இருந்தது. பாவம் என்று நினைத்த அதே மனசுதான் நகத்தைப் பார்த்தது. வெளிச்சத்தில் கோடு நன்றாகத் தெரிந்தது. இளஞ்சிவப்பு. ஒரு எள்ளளவு உள்ளே போனால் போதும். வலி வந்தால் பூனை வெட்டுகிற கையைப் பார்ப்பதில்லை, பிடித்திருக்கிற ஆளைத்தான் மனசில் வைத்துக்கொள்ளும். குற்றாலிங்கத்தை வைத்து இத்தனை வருஷம் படித்த பாடம் இது. ஒரே ஒரு நகம். அப்புறம் இந்த மடிப் பக்கம் தலை வைத்துப் படுக்காது. தொட்டிக்குப் பின்னால் யார் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாலும் வராது. யாருக்கும் தெரியாது. எந்தக் கைக்கும் நேர்வதுதான். டாக்டருக்கே நேரும். ஐயோ வேண்டாம் பாவம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே நகவெட்டியைச் சரியாகக் கோட்டின் மேல் கொண்டுபோய் வைத்தாள். வைத்து அமுக்கினாள்.

பொரி கத்தியது. அந்த மாதிரிக் கத்தல் கார் பானட்டிலிருந்து எடுத்த அன்றைக்குத்தான் கேட்டது. உடம்பு வில்லாக வளைந்தது, காலை உதறியதில் பொட்டுப் பொட்டாக ரத்தம் மதினியின் சேலையில் தெறித்தது. இப்போது பாய்ந்துவிடும், மதினியைப் பிறாண்டிவிட்டுத் தன்னிடம் பாய்ந்து வந்துவிடும் என்று வடிவு இரண்டு கையையும் நீட்டினாள். பொரி அந்தக் கைகளைப் பார்த்தது. காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, கண்ணெல்லாம் கறுப்பாக, அவளை நேராகப் பார்த்து, உஸ்ஸென்று சீறியது. பிறகு திரும்பி மதினியின் முந்தானைக்குள்ளே தலையை நுழைத்து, இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று முட்டிக்கொண்டு போய், இடுப்போடு ஒட்டி ஒளிந்துகொண்டது. வடிவிடம் அது சீறியது இதுதான் முதல் தடவை. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் நீட்டியபடியே வைத்திருந்தாள்.

“ஒண்ணுமில்லட்டி, ஒண்ணுமில்ல” என்று மதினி முந்தானைக்கு மேலாகத் தடவிக்கொடுத்தாள். “கை தவறிட்டு. அவ வேணும்னா செய்வா? உன்னை வளர்த்தவல்லா.” பிறகு நிமிராமலே, “வடிவு, மஞ்சப்பொடி எடுத்துட்டு வா” என்றாள். வடிவு ஓடினாள். அஞ்சறைப்பெட்டியைத் திறந்த அவசரத்தில் பாதி மஞ்சள் மேடையில் கொட்டியது. மீதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மதினி காலை மட்டும் வெளியே எடுத்து, மஞ்சளை வைத்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வீடு சத்தமே இல்லாமல் இருந்தது. அவ வேணும்னா செய்வா. அந்த வார்த்தையை மதினி திட்டிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். வக்காலத்து வாங்கினாளே, அதுதான் உள்ளே போய் நின்றுகொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. என்ன பிழைப்பு இது! ஒரு வாயில்லாச் சீவனின் ரத்தத்தைக் காட்டி மடியைத் திரும்பப் பிடிக்கப் பார்த்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஈ காக்கைக்கும் தெரியாது. இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பூனைக்குத் தெரிந்திருக்கிறதே.

“மதினி” என்றாள். “கை தவறலை.”

மதினி மஞ்சளிலிருந்து விரலை எடுக்கவில்லை. “தெரியும்” என்றாள்.

வடிவு தரையைப் பார்த்தாள். வெட்டிய நகத்துண்டுகள் பிறை பிறையாகக் கிடந்தன.

“காலு என் கையிலதான இருந்துது. எல்லா நகத்துக்கும் உன் கை நடுங்கிச்சு, பயந்து பயந்து வச்சே. இதுக்கு மட்டும் நடுங்கலை.” மதினியின் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது, பஸ்ஸிலிருந்து இறங்கின ஆள் மாதிரி. “இது வந்து ஏறுனப்ப நான் இறக்கிவிட்டிருக்கணும். எம்மேல ஒரு உசிரு வந்து சாஞ்சு ரொம்ப நாளாச்சு வடிவு, அதான் இறக்க மனசு வரலை. உனக்கு வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்லா. அதுக்கு ஏன் இதுக்கு வலிக்கணும்?” வடிவு கண்ணில் நீர் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. இந்த நேரத்திலும் உள்ளே ஒரு மூலையில், அதுவாகவா வந்து ஏறியது, எத்தனை தடவை, என்றைக்கு முதலில் என்று கேட்கிற ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வெட்கம் என்பதே கிடையாது.

ரத்தம் நின்றிருந்தது. மதினி முந்தானையை விலக்கி, பொரியின் நகம் எங்கும் மாட்டாமல் ஒவ்வொரு காலாக விடுவித்து, இரண்டு கையாலும் தூக்கினாள். “இந்தா” என்று வடிவின் மடியில் வைத்தாள். “தம்பி கேட்டா நாந்தான் அசைச்சுட்டேன்னு சொல்லிக்கிடுதேன்.” தரையில் கையூன்றி மெல்ல எழுந்து, ரத்தப் பொட்டு விழுந்த சேலையோடு சமையலறைக்குள் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

பொரி படுக்கவில்லை. வட்டம் சுற்றவில்லை. நாலு காலையும் விறைத்து ஊன்றிக்கொண்டு, மதினி போன கதவையே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் விலாவுக்குள் இதயம் அடிப்பது வடிவின் உள்ளங்கையில் தெரிந்தது, ஒரு பிடிக்குள் அடங்குகிற சின்ன இதயம், எவ்வளவு வேகம். உடம்பு முழுக்க நடுக்கம். “பொரி, என்னைப் பாருட்டி, நான்தானே” என்றாள். அது பார்க்கவில்லை. கையை எடுத்தால் அது எந்தப் பக்கம் ஓடும் என்று அவளுக்குத் தெரியும். கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.